காசுக்குப் பெயருண்டு, காகிதத்திற்கு?

பெயரில்லாப் பொருளைப் பேணுவார் அரியர். பழங்காசுகளைத் திரட்டி ஆராயும் துறைக்கு 'நாணயவியல்' என்னும் பெயர் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆயின், பணத்தாள், காசோலை, உண்டியல், கடன்முறி, பங்குப்பத்திரம் எனப் பணத்தோடு உறவுடைய காகிதங்களைத் திரட்டுவதற்கு நாம் வழங்கும் பெயர் யாது? மேலைநாட்டார் பணத்தாள் திரட்டலை 'நோட்டாபிலி' என்றும், பழைய பங்குப்பத்திரம், கடன்பத்திரம் ஆகியவற்றைத் திரட்டலை 'ஸ்கிரிப்போபிலி' என்றும் பிரித்து வழங்குவர். பின்னது 1970களில் வழக்கிற்கு வந்த சொல்லே. தேவை நேர்ந்தபோது அவர்கள் சொல்லை ஆக்கிக்கொண்டனர்.

எம் பாட்டனார் தோல் வணிகர். அவர் மறைந்தபின் திறக்கப்பட்ட தகரப்பெட்டியில் வெள்ளி ரூபாய்களும் செப்புக்காசுகளும் இருந்தன. அவை பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டன. கட்டுக்கட்டாய்க் கிடந்த உண்டியல்களும் கடன்முறிகளுமோ 'பழைய காகிதம்' என்னும் ஒரே பெயரைப் பெற்று வெந்நீர் அடுப்பிற்குச் சென்றன. வெள்ளியை அதன் விலை காத்தது. செப்புக்காசை அதன் பெயர் காத்தது. காகிதத்தைக் காக்க ஒன்றுமில்லை. பாட்டனார் எவ்வூரோடு வணிகம் செய்தார், யாரை நம்பிக் கடன் கொடுத்தார் என்பதை இன்று எம் குடும்பத்தில் அறிந்தவர் எவருமிலர்.

இவ்வாறு அழியும் காகிதங்களில் நாட்டு வரலாறும் அடங்கியிருத்தல் கூடும். வ.உ.சி. 1906ஆம் ஆண்டில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்றின் விலை 25 ரூபாய். அவற்றுள் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அக்கம்பெனியின் பங்குப்பத்திரம் ஒன்று எவர் வீட்டிலேனும் எஞ்சியிருப்பின் அது வெறுங்காகிதமாகுமா? இந்திய ரிசர்வ் வங்கி 1959இல் ஹஜ் பயணிகளுக்கென 10 ரூபாய், 100 ரூபாய்ச் சிறப்புத் தாள்களை வெளியிட்டதை நம் இளைஞருள் எத்துணையர் அறிவர்?

பெயரின் இன்றியமையாமையைச் சட்டமும் உணர்த்துகிறது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாதனவென அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய்த் தாள்களுள் பத்துக்கு மேல் வைத்திருத்தல் குற்றமென 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும் படிப்பு, ஆய்வு, நாணயவியல் ஆகியவற்றின் பொருட்டு 25 தாள்கள் வரை வைத்திருக்கலாம் என இசைவும் தந்தது. ஈண்டுப் பணத்தாள் நாணயத்தின் நிழலில் ஒதுங்கிப் பிழைத்தது. உண்டியலும் பங்குப்பத்திரமும் எந்நிழலில் ஒதுங்கும்?

சொற்களுக்குப் பஞ்சமில்லை. திருவண்ணாமலையில் 'உண்டியல்' என்றால் சிறுபிள்ளையும் கோயிலின் காணிக்கைப் பெட்டியையே காட்டும். வணிகர் வழக்கிலோ, ஓரூரில் செலுத்திய பணத்தை வேற்றூரில் பெற்றுக்கொள்ள உதவும் தாளே உண்டியல். நாம் மறந்துவரும் இப்பொருளை இலங்கைத் தமிழர் போற்றி வைத்துள்ளனர். அங்கு அரசின் குறுங்காலக் கடன்தாள் 'திறைசேரி உண்டியல்'. நெடுங்காலக் கடன்தாள் 'திறைசேரி முறி'. முறி என்பது எழுதிக்கொடுத்த ஓலையைக் குறித்த பழஞ்சொல். காசோலையிலும் ஓலை இன்றும் உயிரோடிருக்கிறது.

எனவே இவையனைத்திற்கும் பொதுப்பெயராகப் 'பணவேடு' என்பதை முன்மொழிகின்றோம். ஏடு என்பது ஓலைக்கும் தாளுக்கும் ஒருங்கே பொருந்தும். திரட்டலைப் 'பணவேட்டுத் திரட்டு' என்றும், ஆராய்தலைப் 'பணவேட்டியல்' என்றும் வழங்கலாம். அதனுள் தாள்திரட்டு, முறித்திரட்டு, உண்டியல்திரட்டு எனப் பிரித்துக்கொள்ளலாம். இதனினும் சிறந்த சொல்லை அறிஞர் தருவரேல் மகிழ்ந்து ஏற்போம். ஆயின், அவ்வேடுகளில் பயிலும் அசல், வசூல், பாக்கி, ரசீது முதலான அரபு, பாரசீகச் சொற்களை அயலெனத் தள்ளலாகாது. பல மொழியினர் தம்முள் நம்பிக்கையோடு கொடுத்து வாங்கிய வாழ்வின் சான்றுகள் அவை.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் வீட்டுப் பரணையும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். கிடைக்கும் ஏட்டில் எவர் பெயர், எவ்வூர், எவ்வாண்டு என்பதைக் குறித்து, பெரியவர்கள் உள்ளபோதே அதன் கதையைக் கேட்டெழுதுங்கள். அடுப்பு எரிக்க விறகு எங்கும் கிடைக்கும்; முன்னோர் கையெழுத்து மீண்டும் கிடைக்காது.