மூன்று குடித்தனம், ஒரே தண்ணீர்த் தொட்டி

சென்னையிலும் அதன் புறநகர்களிலும், ஒரே மனையில் தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடி அறை என இரண்டு முதல் ஆறு குடித்தனங்கள் வரை வாடகைக்கு விடப்படும் தனி வீடுகள், நடுத்தரக் குடும்பங்கள் நெடுங்காலமாக நம்பிவரும் முதலீடுகளுள் ஒன்றாகும். இவ்வீடுகளில் ஒரு குடும்பத்துக்கென ஒதுக்கப்படும் பகுதியைப் பேச்சுவழக்கில் ‘போர்ஷன்’ என்பர். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோருக்கு நிலத்தில் பிரிபடாத பங்கு மட்டுமே கிடைக்க, போர்ஷன் வீட்டில் மனை முழுவதும் ஒருவருக்கே உரியதாகிறது; ஒரு பகுதி காலியானாலும் மற்றப் பகுதிகளின் வாடகை தொடர்கிறது. இந்த இரு நன்மைகளைக் கருதி முதன்முறையாக இதில் இறங்குவோர், அறைகளின் எண்ணிக்கையையும் மாத வாடகையையும் வைத்தே பெரும்பாலும் விலை பேசுகின்றனர். எனினும், இத்தகைய வீட்டின் வருமானத்தை நீண்ட காலத்தில் தீர்மானிப்பவை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கழிவுநீர்க் குழாய், மாடிப்படி, மின் மீட்டர் என எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக அமைந்தவையே என்பதும், அவற்றை நியாயமாகப் பங்கிட்டு நடத்துவதே இத்தொழிலின் சாரம் என்பதும் அனுபவம் உறுதிப்படுத்தும் உண்மைகளாகும்.

வாங்குமுன் ஆவணங்களைச் சரிபார்ப்பது எந்தச் சொத்துக்கும் பொதுவான கடமை. சொத்து யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும் தாய்ப் பத்திரம், அதன்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, வருவாய்த் துறை வழங்கும் பட்டா, உள்ளாட்சியின் திட்ட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்தல் வேண்டும். போர்ஷன் வீடுகளில் இரண்டு கூடுதல் ஆபத்துகள் உண்டு. முதலாவது, தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் மட்டும் அனுமதி பெற்றுவிட்டு, பின்னர் மாடியில் எழுப்பப்பட்ட பகுதி. அதிலிருந்து வாடகை வந்தாலும், அனுமதியில்லாத கட்டடமாகையால் அந்த வருமானத்தை நிலையானதாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, ஏற்கெனவே குடியிருப்போர் செலுத்தியுள்ள முன்பணம். குறிப்பாக, மாத வாடகையே இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, காலி செய்யும்போது அத்தொகையைத் திருப்பித் தரும் ‘லீஸ்’ முறையில் ஒரு பகுதி விடப்பட்டிருந்தால், பதிவு செய்யப்படாத அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தென்படாது. ஆகவே, ஒவ்வொரு குடித்தனக்காரரும் எவ்வளவு கொடுத்துள்ளார் என்பதை அவரிடமே எழுத்தில் பெற்று, அத்தொகை முழுவதையும் விலையில் கழித்துக்கொள்வதே முறையாகும்.

கட்டடத்தைப் பார்வையிடுவதில் தண்ணீருக்கே முதலிடம் தரப்பட வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, நல்ல வாடகை ஈட்டிய தெருக்களிலும் குடும்பங்கள் லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தன. ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட தரையடித் தொட்டியும் மேல்நிலைத் தொட்டியும், வீடு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னும் மாற்றப்படாமல் இருப்பது மிகப் பரவலான குறை. எனவே ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைப் பார்ப்பதும், ஆழ்துளைக் கிணற்று நீரின் சுவையையும் அளவையும் குடியிருப்போரிடமே கேட்டறிவதும், 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு உண்மையில் இயங்குகிறதா என்று நோக்குவதும் பயன் தரும். மழைக்காலத்தில் தெருவில் நீர் எவ்வளவு உயரம் தேங்குகிறது என்பதை அண்டை வீட்டார் அறிவர். 2015 வெள்ளத்தின் தடம் பல சுவர்களில் நெடுநாள் இருந்தது. கழிவுநீர்க் குழாயும் அவ்வாறே: மாடிக் குடித்தனத்தின் பயன்பாட்டால் அடைப்பு ஏற்பட்டு, கீழ்வீட்டுக் குளியலறையில் நீர் எதிர்த்து வருமாயின், அவ்வீட்டில் எந்தக் குடும்பமும் நிலைத்துத் தங்காது.

மின்சாரத்தில் இந்தப் பங்கீட்டின் கணக்கு இன்னும் தெளிவாகப் புலப்படும். தமிழ்நாட்டில் வீட்டு மின்நுகர்வு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. நுகர்வு கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறுகிறது. மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால், அவற்றின் நுகர்வு ஒன்றுசேர்ந்து உயர்ந்த படிநிலைக்குச் செல்வதால், சிக்கனமாக வாழும் குடும்பமும் மிகுதியாகக் கட்டும் நிலை உருவாகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி இணைப்பு பெற்று, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால், மாதந்தோறும் எழும் பூசல்களில் பாதி மறைந்துவிடும்.

வருமானக் கணக்கைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம். 1.5 கோடி ரூபாய்க்கு வாங்கப்படும் வீட்டில் மூன்று பகுதிகள் தலா 14,000 ரூபாய் வாடகை தருமாயின், ஆண்டு வருமானம் 5.04 லட்சம். ஆண்டில் ஒரு மாதம் ஒவ்வொரு பகுதியும் காலியாக இருக்கும் எனக் கொண்டு 42,000 ரூபாயையும், சொத்து வரி, குடிநீர் வரி, பழுதுபார்ப்பு, துப்புரவு ஆகியவற்றுக்காக 72,000 ரூபாயையும் கழித்தால் எஞ்சுவது 3.9 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆகியவற்றை முழு விலைக்கும் செலுத்தினால் முதலீடு 1.635 கோடியாக உயர்வதால், நிகர வருவாய் ஆண்டுக்கு 2.4 சதவீதத்தை எட்டுவதே அரிது. விலையில் பாதியை 8.5 சதவீத வட்டியில் கடனாகப் பெற்றால், முதலாண்டு வட்டி மட்டுமே 6 லட்சத்தைத் தாண்டி, வாடகை முழுவதையும் விழுங்கிவிடும். வாடகையைக் கொண்டே கடனை அடைத்துவிடலாம் என்னும் எண்ணம் சென்னை விலைகளில் பெரும்பாலும் பொய்த்துப்போவதன் காரணம் இதுவே. நிலத்தின் மதிப்பு உயரக்கூடும். ஆயினும் அது எதிர்பார்ப்பேயன்றி மாத வருமானம் ஆகாது.

குடியமர்த்தும் கட்டத்தில், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் இரு தரப்பாருக்கும் வழிகாட்டுகிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது எனவும், தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்தலாகாது எனவும் அச்சட்டம் கூறுகிறது. கட்டமைப்புப் பழுது, சுவர்ப் பூச்சு, குழாய் மாற்றம், மின்கம்பிகள் ஆகியவற்றை உரிமையாளருக்கும், தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு முதலிய சிறு பழுதுகளைக் குடியிருப்பவருக்கும் பிரித்துத் தரும் அதன் அட்டவணையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நன்று. பத்து மாத முன்பணம் கேட்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்றுவோர், அத்தொகையைச் செலவழித்துவிட்டு, காலி செய்யும் குடும்பத்தை அடுத்தவர் வரும்வரை காத்திருக்கச் செய்வது அநீதியாகும். முன்பணம் தனிக் கணக்கில் தீண்டப்படாமல் இருக்க வேண்டிய பிறர் பணம்.

சாதி, மதம், உணவுப் பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இங்குக் கண்டிக்கத்தக்கது. நல்ல குடித்தனக்காரருக்கு அடையாளம், குறித்த நாளில் வாடகை தருவதும் பொதுவானவற்றை அண்டைக் குடும்பம் வருந்தாமல் பயன்படுத்துவதும் ஆகும். பிறப்பு இவற்றில் எதையும் உணர்த்துவதில்லை. அத்தகைய குடும்பம் ஒன்று ஐந்து ஆண்டுகள் தங்குவதால் மிச்சமாகும் தரகுக் கட்டணமும் வெள்ளையடிப்புச் செலவும் காலி மாதங்களும், ஆண்டுதோறும் வாடகையை மிகுதியாக உயர்த்திப் பெறும் தொகையைவிடப் பெரும்பாலும் அதிகம். மோட்டார் பழுதானால் அன்றே சீர்செய்யும் உரிமையாளரின் வீடு காலியாக நிற்பது அரிது.

ஆகவே, புதிதாக இம்முதலீட்டில் இறங்க எண்ணுவோர், பெரும்பகுதி சொந்தப் பணமும், பழுதுக்கென ஓராண்டு வாடகையில் ஒரு பங்கும், வாரத்தில் சில மணி நேரமும் ஒதுக்க இயலுமாயின் மட்டுமே வாங்க வேண்டும். கடனை நம்பியும், உழைப்பின்றி வருமானம் வரும் என்று நம்பியும் வாங்குதல் தகாது. பிற குடும்பங்களின் அன்றாடத் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் பொறுப்பேற்க மனமுள்ளவர்களுக்கே இத்தொழில் ஏற்றது.