பாம்பனைப் பகலிலே கடக்க வேண்டும்

அரூர் வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டு இராமேசுவரத் தீவுக்குப் போய்வரும் பொறுப்பு, நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியனாக இருந்த நாளில் என்னிடம் வந்து சேர்ந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. இதைத் தொழில் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் இதில் எனக்கு ஒரு காசும் மிஞ்சுவதில்லை. ஆனால் தச்சன் மரத்தை அறிவதுபோலவும் குயவன் மண்ணை அறிவதுபோலவும் பழகிப் பழகி அறிய வேண்டிய ஒரு வித்தை இதில் இருக்கிறது என்பதை, பல தவறுகளுக்குப் பிறகு, நிச்சயமாகச் சொல்வேன்.

தர்மபுரி ஜில்லா கடலை அறியாத பூமி. காவிரி எங்கள் மேற்கு எல்லையில் ஒகேனக்கல்லில் பாறை பிளந்து விழுகிறது; தென்பெண்ணை வடகிழக்கே ஓடுகிறது; மற்றபடி எங்கள் ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறும் ஏரியும்தான். ஆயினும் இராமேசுவரத்தோடு எங்களுக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு. அரூரிலிருந்து 16 கிலோமீட்டர் தூரத்தில் தீர்த்தமலை இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் அங்கே சிவபூஜை செய்ய விரும்பிக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்றும், அனுமன் வரத் தாமதமாகவே பாணத்தைப் பாறையில் எய்து தீர்த்தம் பெருகச் செய்தார் என்றும், பின்னர் வந்து சேர்ந்த அனுமன் மனம் வருந்தி வீசிய கங்கை நீர் பெண்ணைக் கரையில் விழுந்து அனுமந்தீர்த்தம் ஆயிற்று என்றும் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இராமேசுவரத்துக் கதையும் இதற்கு உடன்பிறந்த கதையே. அங்கேயும் லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் தாமதித்தார்; முகூர்த்தம் தவறக் கூடாதென்று சீதாபிராட்டி மணலில் லிங்கம் பிடித்தார். யாத்திரை நடத்துகிறவனுக்கு இந்தத் தாமதக் கதைகளில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யாத்திரைக்கு முதல் வேலை நாள் குறிப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் முதல் வேலை சீட்டுப் பிடிப்பது. ஒரே தவணையில் இத்தனை ரூபாய் கொடு என்றால் கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்மணியால் எப்படிக் கொடுக்க முடியும்? ஆகையால் சித்திரையில் தொடங்கித் தை முடிய, மாதம் ஒரு சிறு தொகையாகப் பத்து மாதம் கட்டச் சொல்கிறோம். ஒவ்வொருவர் பெயருக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம். பணம் கொடுத்தவர் முன்னிலையிலேயே எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கிவிடுவேன். திரும்பி வந்த மறு ஞாயிற்றுக்கிழமை கணக்கை உரக்கப் படித்துவிட்டு, மீந்ததைத் தலைக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். பதினேழு ரூபாய் மீந்தாலும் பதினேழு ரூபாயைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த சித்திரையில் சீட்டு நிறைவது அந்தப் பதினேழு ரூபாயால்தான்.

நாள் விஷயத்தில் என் அபிப்பிராயம் சுருக்கமானது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பிதுர் காரியம் செய்ய வருகிறவர்களுக்கு உரியவை; முதல்முறை கடலைப் பார்க்க வருகிற கூட்டத்தை அந்த நெரிசலில் கொண்டுபோய்த் தள்ளக் கூடாது. மகா சிவராத்திரிக்கும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். சித்திரை வெயிலில் பிராகாரத்துக்கு வெளியே கால் வைக்க முடியாது. வைகாசியில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தார் மாந்தோப்பை விட்டு நகரமாட்டார்கள். எஞ்சிய மாதங்களில் நான் தேர்ந்தது மாசி. தை அறுப்பு முடிந்து, கையில் கொஞ்சம் பணமும் மனத்தில் கொஞ்சம் ஓய்வும் இருக்கும் மாதம் அதுவே.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும்.

முதல் யாத்திரை 1991-ஆம் வருஷம். பாம்பன் கடலின்மேல் சாலைப் பாலம் திறந்து அப்போது மூன்று வருஷங்கூட ஆகியிருக்கவில்லை; 1988 அக்டோபரில் அது திறக்கப்படும் வரையில், 1914-இல் கட்டி முடித்த ரயில் பாலம் ஒன்றே தீவுக்குப் போகும் தரைவழியாக இருந்தது. எங்கள் கூட்டத்தில் எழுபது வயதைக் கடந்த ஆயா ஒருவர் இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வாலிப வயதில் ரயிலில் இராமேசுவரம் போய்வந்தவர். வண்டி சமுத்திரத்தின்மேல் போவதையும், ஜன்னலுக்குக் கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாததையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பேருந்தில் ஏறியதும் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலம் வந்தா என்னை எழுப்பு கண்ணு" என்றார். நான் தலையசைத்தேன். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் பகல் இரண்டு மணிக்கே அரூரை விட்டுக் கிளம்பியிருந்தோம், நள்ளிரவு தாண்டிய இருட்டில் பாலத்தைக் கடந்தோம், நானும் தூங்கிவிட்டேன். திரும்பும்போதும் இராச்சாப்பாடு முடிந்தே வண்டி ஏறினோம். மறுநாள் காலை மஞ்சவாடிக் கணவாயில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது ஆயா கண்விழித்து என்னைக் கூப்பிட்டு, "பாலம் எப்ப வரும் கண்ணு?" என்று கேட்டார். அடுத்த மாசிக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அன்றுமுதல் எங்கள் யாத்திரைத் திட்டம் முழுவதையும் பாம்பனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருகிறேன். மாசியில் அங்கே சூரியோதயம் ஏறக்குறைய ஆறரை மணி. ஆறரைக்குப் பாலத்தின்மேல் இருக்க வேண்டுமானால் இராமநாதபுரத்திலிருந்து ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும். அரூரில் மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக நாலேகால் சுமாருக்கு இராமநாதபுரம் வந்துவிடுகிறது. ஆக, அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்பதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் இந்த வித்தையிலேயே கடினமான பகுதி. ஓட்டுநர், "இன்னும் ஒரு மணி நேரத்துல கோயில் வாசல்ல எறக்கி விட்டுடறேன் வாத்தியாரே, எதுக்கு இங்க நிக்கணும்?" என்பார். கூட்டத்திலும் சிலர் அவர் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். நான் தேநீர் வாங்கிக் கொடுத்து, பெண்களுக்குக் கழிப்பறை வசதி பார்த்து, முகம் கழுவச் செய்து, குழந்தைகளுக்குத் தலை வாரிவிடச் சொல்லி அந்த ஒரு மணியைக் கழிக்கிறேன். இதனால் ஸ்படிகலிங்க தரிசனம் மறுநாள் காலைக்குப் போகிறது. ஓர் இரவு அங்கே தங்குவதற்கு அதுவே காரணமாகவும் அமைந்துவிட்டது.

பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது; மெதுவாக ஓட்டலாம். இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தூரத்தைக் கடக்கிற சில நிமிஷங்களில் பேருந்தில் யாரும் பேசுவதில்லை. கீழே மீன்பிடிப் படகுகள் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையை இறைத்தாற்போலக் கிடக்கும். பக்கத்தில் பழைய ரயில் பாலம். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. அதையடுத்து, கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலே உயரும்படி கட்டிய புதிய பாலம், 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலம் இயங்கிய நாளில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதில் ரயிலை விட்டதில்லை.

சென்ற வருஷம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன், தன் அலுவலகத்து நண்பர்கள் பன்னிரண்டு பேரோடு கிரேக்கத் தீவுகளுக்குப் போகப் போவதாகச் சொல்லி, "தாத்தா, கூட்டத்தைக் கூட்டிட்டுப் போறதுல உங்களுக்குத்தான் அனுபவம்" என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஏழு நாளில் நான்கு தீவுகள். நான் அந்தத் தேசத்தைக் கண்டதில்லை. ஆகையால் படத்தை விரித்துவைத்து அவனையே ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்தேன். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாந்தோரினிக்குச் சாதாரணக் கப்பலில் எட்டு மணி நேரம். ஆதிகாலத்தில் எரிமலை வெடித்துக் கடல் புகுந்த பெரும் பள்ளத்துக்குள்ளே கப்பல் நுழைய, செங்குத்தான பாறைகளின் உச்சியில் வெள்ளை வீடுகள் தெரியுமாம். அவன் திட்டப்படி அங்கே போய்ச் சேருவது இரவு பதினொன்றரை. ஆடி, ஆவணியில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசினால் கப்பல்கள் நின்றுவிடுவதும் உண்டு என்றான். அப்படியிருந்தும் கடைசித் தீவிலிருந்து கப்பலில் திரும்பிய அன்று மாலையே விமானம் ஏறுவதாக எழுதியிருந்தான். நான் இரண்டே திருத்தம் சொன்னேன். ஒரு தீவைக் குறைத்துக் காலைக் கப்பலில் ஏறிப் பகலிலேயே சாந்தோரினிக்குள் போகட்டும். கடைசி நாளை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளட்டும். நண்பர்களில் இருவருக்குத் தீவைக் குறைத்ததில் மனஸ்தாபம் என்று கேள்வி. இராமேசுவர யாத்திரையிலும் தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று போகிற வழியிலே இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. அவற்றில் ஒன்றுக்குமேல் நான் சேர்ப்பதில்லை.

அனுமன் கதைக்கு வருகிறேன். ஐம்பது பேரில் யாராவது ஒருவர் தாமதமாக வருவது நிச்சயம். அவருக்காக வண்டியை நிறுத்தி வைத்தால் பாம்பன் உதயம் தவறிவிடும். விட்டுவிட்டுப் போனால் பத்து மாதம் சீட்டுக் கட்டிய மனிதர் தெருவில் நிற்பார். இராமேசுவரத்தில் இராமபிரான் செய்தது என்ன? முகூர்த்தத்துக்குப் பூஜையை முடித்தார்; பிறகு தாமதமாக வந்த அனுமனின் விசுவலிங்கத்துக்கே முதற்பூஜை என்று விதித்தார். இன்றளவும் அந்தக் கோயிலில் அப்படியே நடக்கிறது. நாங்களும் அவ்வாறே ஏற்பாடு செய்துகொண்டோம். ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். பின்தங்கியவரை ஏற்றிக்கொண்டு வர ஒருவர் மோட்டார் சைக்கிளோடு அரூரில் காத்திருப்பார். மஞ்சவாடியிலோ சேலத்திலோ அவரை ஏற்றிக்கொள்வோம். ஏறியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. முன் ஜன்னலோரத்து ஆசனம் அவருக்கு.

சில வருஷங்களுக்கு முன் சித்தேரி மலையிலிருந்து வர வேண்டிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இப்படிப் பின்தங்கிவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் பேருந்து அன்று வரவில்லை. சேலத்தில் ஏறினார்கள். முன் ஆசனத்தில் கூசிக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெரியவர், விடிகாலையில் பாலத்தின்மேல் வண்டி ஏறியதும் குனிந்து செருப்பைக் கழற்றி ஆசனத்தின் கீழே தள்ளிவிட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கரையே காணோமே சாமி" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இராத்திரிக்குக் கட்டுச்சோறுதான் உசிதம். எங்கள் பக்கத்துப் புளிக்கு இது விஷயத்தில் தனி யோக்கியதை உண்டு. முதல்நாளே நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியுமட்டும் வற்றவைத்து, மறுநாள் உதிரியாக வடித்த சோற்றை வெள்ளை வேட்டியில் பரப்பி, ஆறிய பிறகே பிசைய வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து, நாமக்கல் போவதற்குள் வாசனை மாறிவிடும்.

கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். தளமெல்லாம் ஈரம் வழுக்கும். ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக் கூடாது. கைபேசிக்கும் உள்ளே இடமில்லை. ஆகவே அக்கினி தீர்த்தக் கடலில் முழுகும்போதே, மாற்றுத் துணி மூட்டைகளோடு ஒருவரைக் கிழக்குக் கோபுர வாசலில் உட்கார வைத்துவிடுகிறோம்; பிரிந்தவர்கள் வந்து சேர வேண்டிய இடமும் அதுவே. மூட்டை ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணிக் கிழிசல் கட்டியிருக்கும். மூட்டை காப்பவர் ஸ்நானத்தை இழந்துவிடாதபடி முதல் ஆள் வெளியே வந்ததும் அவரை உள்ளே அனுப்புவது என் வேலை. 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தை மாலையில், கால் காய்ந்த பிறகு, வயோதிகர்கள் நடக்கிற வேகத்திலேயே எல்லோரும் சுற்றிவருகிறோம்.

தனுஷ்கோடிக்கு மறுநாள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊரும், நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு வந்த ஒரு ரயிலும் கடலுக்குப் போயின. 2017 முதல் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை இருக்கிறது. மாலைக்குப் பின் அங்கே யாரும் தங்கக் கூடாது. இடிந்த மாதா கோயில் சுவரருகே பேருந்தை நிறுத்தி, நடந்ததைச் சொல்லிவிட்டு, பாட்டை நிறுத்தச் சொல்கிறேன். அவ்வளவே.

திரும்பும்போது பகல் இரண்டு மணிக்குத் தீவை விட்டுக் கிளம்புகிறோம். வரும்போது உட்கார்ந்த பக்கத்திலேயே எல்லோரும் உட்காருவதால், இப்போது அவர்களுக்குப் பாலத்தின் மறுபக்கத்துக் கடல் தெரிகிறது.

இராமேசுவரத்துக்குக் கூட்டம் சேர்த்து அழைத்துச் செல்லும் அன்பர்கள் நம் ஜில்லாவில் இன்னும் பலர் இருக்கிறார்கள். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் உங்கள் சௌகரியம்போல் அமைத்துக்கொள்ளுங்கள். பாம்பனை மட்டும் இருட்டில் கடக்காதீர்கள். பாலத்துக்கு முந்திய ஊரான மண்டபம் வந்ததும் விளக்கைப் போட்டு எல்லோரையும் எழுப்பிவிடுங்கள்.