ஹெரால்டு காரும் இரண்டு கால் பங்குகளும்

அத்தா விட்டுச் சென்றவற்றுள் 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றும் இருந்தது. பிள்ளைப்பாக்கம் வீட்டின் பின்புறக் கொட்டகையில், காற்றிறங்கிய டயர்களோடு கிடந்தது. கடன்களைத் தீர்த்து, நிலத்தைப் பங்கிட்டபோது அதை யாரும் சொத்தாகவே எண்ணவில்லை. "காயலான் கடைக்குப் போவதுதானே அண்ணே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள் தங்கைகள் இருவரும்.

பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் பெண்களுக்குப் பங்குண்டு என்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம். அம்மா முன்பே காலமாகிவிட்டதால் எனக்குப் பாதி, தங்கைகளுக்குத் தலா கால். நம் குடும்பங்களில் பெண்கள் "எனக்கு வேண்டாம்" என்பது பெரும்பாலும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால்தான். அதிலும், ஒரு பொருளின் மதிப்பை அறியாதவர் அதை விட்டுக்கொடுப்பதை மனமொப்பிய செயலாக எப்படிக் கொள்வது? எனக்கோ அதன் மதிப்பு தெரியும்.

ஆகவே, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு விலை கேட்டேன். இரும்பு வியாபாரி எடைக்கணக்கில் ஒன்று சொன்னார். பழைய கார்களைச் சேகரிக்கும் சென்னை அன்பர் அதைப்போல் நான்கு மடங்கு சொன்னார். இரண்டையும் தங்கைகளிடம் கூறி, அதிகமான விலைக்கே பங்கைக் கொடுத்தேன். இளையவள் மறுத்தாள். "முதலில் கையில் வாங்கு, பிறகு விரும்பினால் திருப்பிக் கொடு" என்றேன். வாங்கினாள், திருப்பித் தரவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சியே.

பிறகு ஒன்பது ஆண்டுகள். வண்டலூர் அருகே இக்காரை உற்பத்தி செய்த தொழிற்சாலை 1980களின் இறுதியிலேயே மூடப்பட்டுவிட்டதால், உதிரிபாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் ஒரகடம் வரை நம் பகுதியெங்கும் புதிய வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் பட்டறைகள் உள்ளன. லேத் பட்டறைக்காரர் ஒருவர் தேய்ந்த புஷ்ஷை மாதிரியாக வைத்துப் புதியதைக் கடைந்து தந்தார். ஹெரால்டில் உடல் வேறு, சேசிஸ் வேறு. உடலைத் தூக்கி வைத்துவிட்டுச் சேசிஸின் துருவை நிதானமாகச் சுரண்ட முடிந்தது. முன்மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். முன் டயர்மேல் அமர்ந்தபடியே 948 சி.சி. என்ஜினில் வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் இந்தச் சுகம் ஏது!

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தபின், ஒருவர் வீடு தேடி வந்து பெருந்தொகை கேட்டார். செய்தியறிந்த மச்சான், தங்கைக்கு இதில் பங்கில்லையா என்று வினவினார். நியாயமான கேள்விதான். ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன்: இரண்டு விலைகளும், தேதியும், இரு தங்கைகளின் கையொப்பமும் அதில் இருந்தன. படித்தார்; மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, பெட்ரோலுக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டார்.