கூலித் தொழிலாளியின் மகனும் பாரிஸ் விளையாட்டரங்கமும்

பாரிஸ் என்றதும் ஐஃபெல் கோபுரமே உங்கள் நினைவுக்கு வரும். அந்நகரின் வடக்கு எல்லையை ஒட்டி சேன் தெனி என்றோர் ஊர் உண்டு. பிரெஞ்சு மன்னர்கள் பலர் அங்குள்ள பழைமையான தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பின்னாளில் தொழிற்சாலைகள் பெருகவே, பிழைப்புத் தேடி வந்த அல்ஜீரியர் முதலான பல நாட்டு மக்கள் அவ்வூரில் குடியேறினர்.

அங்கே எரிவாயு ஆலை இருந்த நிலத்தில் எழுந்ததுதான் ‘ஸ்தாத் தெ பிரான்ஸ்’ விளையாட்டரங்கம். 1995இல் தொடங்கிய பணி நிறைவுற்று 1998 ஜனவரி 28 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் அமரலாம். 13,000 டன் எடையுள்ள கூரை இருக்கைகளுக்கு நிழல் தர, ஆடுகளத்தின் மேலே திறந்த வானம். கீழ்த்தட்டு இருக்கைகளைப் பின்னுக்கு நகர்த்தினால் ஓட்டப் பாதை வெளிப்படும். கால்பந்து, ரக்பி, தடகளம் மூன்றுக்கும் ஒரே அரங்கம்!

1953இல் அல்ஜீரியாவின் மலைக் கிராமத்திலிருந்து வந்த இஸ்மாயீல் என்னும் இளைஞர் இதே சேன் தெனியில் கட்டடக் கூலியாக உழைத்தார். அவருடைய மகனே ஜிதான். ஜைனுத்தீன் என்னும் அரபுப் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரர் ‘ஜினதீன்’ என்கின்றனர். இவ்வரங்கின் முதல் கோலை அடித்தவர் அவரே. 1998 ஜூலை 12 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக இரு முறை தலையால் முட்டிக் கோல் போட்டவரும் அவரே. தந்தை கூலி வேலை பார்த்த ஊரில் மகனின் பெயரை நாடே முழங்கியது.

ஆனால் ஒரு வெற்றியால் எல்லாக் காயங்களும் ஆறிவிடுமா? 2001 அக்டோபரில் பிரான்சும் அல்ஜீரியாவும் இங்கே மோதியபோது பிரெஞ்சு நாட்டுப் பண் எழுகையில் சீழ்க்கை ஒலித்தது. இளைஞர்கள் ஆடுகளத்தில் புகுந்ததால் ஆட்டம் பாதியில் நின்றது. 2015 நவம்பர் 13 இரவு அரங்கின் வாயில்களுக்கு வெளியே மூவர் வெடித்துச் சிதறினர். வழிப்போக்கர் ஒருவர் உயிரிழந்தார். அப்பாவி உயிரைப் பறிப்பது மார்க்கம் மன்னிக்காத கொடும்பாவம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியே ஆகவேண்டும்.

2024 ஒலிம்பிக் தடகளமும் இங்கேதான் நடந்தது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அவரும் கட்டடத் தொழிலாளியின் மகனே. நம் நாட்டு நீரஜ் சோப்ரா வெள்ளி வென்றார். தங்கம் வென்றவனும் நம் பிள்ளைதான் என்று நீரஜின் தாயார் சொன்னது இரு நாட்டினரையும் நெகிழச் செய்தது. பிரெஞ்சு வீராங்கனைகள் ஹிஜாப் அணியத் தடையிருந்த அந்தப் போட்டிகளின் நிறைவு விழாவில், நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் ஹிஜாபுடன் இவ்வரங்கில் மாரத்தான் தங்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

வாசகர்களே! உழைப்பாளியின் பிள்ளை உயர்வதை ஊரே கைதட்டி வரவேற்கிறது. அந்தப் பிள்ளையை, அவனுடைய பெயரோடும் மார்க்கத்தோடும், ஆட்டம் முடிந்த பின்னும் தன்னவனாக ஏற்பதே ஒரு நாட்டின் உண்மையான வெற்றி. அது பிரான்சுக்கு மட்டும் உரிய பாடமன்று.