மீன் கூடையில் பூ வைத்தவர்!

ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போகிறவர்கள் தவறவிடாத இடம் அராஷியாமா. அங்கிருக்கும் மூங்கில் காட்டிலும், ஆற்றின் குறுக்கே நீண்டிருக்கும் டொகெட்சுக்யோ பாலத்திலும் எப்போதும் செல்ஃபி கூட்டம்தான். ஆனால், பாலத்துக்குக் கீழே ஓடும் கட்சுரா ஆற்றுக்கு இன்னொரு கதை உண்டு. இந்த ஆற்றில் மீன் பிடித்த ஒருவரின் பழைய கூடை, ஜப்பானின் புகழ்பெற்ற பூச்சாடிகளில் ஒன்றாக மாறிய கதை அது.

16-ம் நூற்றாண்டு ஜப்பானில் விருந்தினருக்குத் தேநீர் கொடுப்பது ஒரு சடங்கு. தேநீர் அறையில் ஒரு மாடம் இருக்கும். அதில் ஒன்றிரண்டு பூக்களை மட்டும் வைப்பார்கள். பூ எளிமையானதுதான், ஆனால் சாடி அப்படியல்ல! சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெண்கலச் சாடிகளும் பச்சை நிறப் பீங்கான் சாடிகளும்தான் அன்று கௌரவம்.

அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ. 1522-ல் சகாய் என்ற துறைமுக நகரின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். கட்சுரா ஆற்று மீனவர் மீன் போட்டு வைத்திருந்த மூங்கில் கூடையைக் கேட்டு வாங்கி, அதில் பூ வைத்தார் என்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. யாத்ரீகர் ஒருவர் தண்ணீர் கொண்டுபோன சுரைக்குடுக்கையும் அவர் கையில் பூச்சாடியானது. வறுமையிலும் நிறைவாக வாழ்ந்த கன்ஃபூசியஸின் சீடர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தச் சீடரிடமும் ஒரு சுரைக்குடுக்கைதான் இருந்ததாம்!

ஒரு வேலைக்காகச் செய்த பொருளை இன்னொரு பொருளாகப் பார்க்கும் இந்தப் பார்வைக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் 'மிதாதே'.

சரி, கூடையில் தண்ணீர் நிற்குமா? அதற்கும் வழி இருக்கிறது. கூடைக்குள் ஒரு சிறு குழாயை வைத்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பூவைச் செருகுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் தெரியாது. பார்ப்பதற்கே குளுமையாக இருப்பதால், வெயில் காலத்தில்தான் கூடைச் சாடிகளைப் பயன்படுத்துவார்கள்.

விரிசல் விட்ட மூங்கில்

கியோட்டோவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம் போனால் ஓட்சு நகரம். பிவா ஏரிக்கரையில் இருக்கும் இந்த ஊரின் ஒன்ஜோஜி கோயிலை மீ-தேரா என்றும் அழைக்கிறார்கள். அங்கே கீறல்களோடு ஒரு பழைய மணி இருக்கிறது. பென்கெய் என்ற பலசாலித் துறவி அதைத் திருடி, மலைமேல் இழுத்துக்கொண்டு போனாராம். அங்கே அடித்துப் பார்த்தால், 'வீட்டுக்குப் போகணும்' என்று மணி அழுததாம். கோபத்தில் அதைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார் என்பது கதை.

1590-ல் நடந்த ஓடவாரா முற்றுகைக்கு, ஆட்சியாளர் டொயோடோமி ஹிதேயோஷியோடு ரிக்யூவும் போயிருந்தார். அப்போது வெட்டிய ஒரு மூங்கிலில் பூச்சாடி செய்தார். அதன் முன்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல். தூக்கிப் போட வேண்டியதுதானே? ரிக்யூ போடவில்லை. விரிசல் விட்ட அந்தக் கோயில் மணியை நினைத்து, சாடிக்கு 'ஒன்ஜோஜி' என்றே பெயர் வைத்து, மகன் ஷோஆனுக்குக் கொடுத்தார்.

பிறகு ஒரு தேநீர் விருந்தில் விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்து பாயை நனைத்ததாம். விருந்தினர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்ட, இந்தக் கசிவுதான் இதன் உயிரே என்றாராம் ஷோஆன்.

முற்றுகைக்கு அடுத்த ஆண்டே ரிக்யூ இறந்தார். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி உத்தரவிட்டவர் அதே ஹிதேயோஷி. காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

அந்த ஹிதேயோஷியிடமும் ஒரு தேநீர் அறை இருந்தது. முழுக்கத் தங்கத் தகடு போர்த்திய அறை. அதன் அசல் இன்று இல்லை. ஒசாகா கோட்டை அருங்காட்சியகத்தில் மாதிரி ஒன்றைத்தான் பார்க்க முடியும். விரிசல் விட்ட மூங்கில் குழாயோ, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது!

உங்கள் வீட்டுப் பரணிலும் கைப்பிடி உடைந்த ஜாடியோ, ஓட்டை விழுந்த கூடையோ கிடக்கலாம். பழைய கடைக்குப் போடும் முன் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, ஒரே ஒரு செம்பருத்தியைச் செருகிப் பாருங்கள். எடைக்குப் போட மனசு வராது!