பிந்திய திருத்தம்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த பெறாமகன் என் மேசையில் பெரிய போத்தலொன்றை வைத்தான். விற்றமின் ஈ, குளிகையொன்றில் 400 அலகு. "நாளுக்கு ஒண்டு போடுங்கோ சித்தப்பா, வயது தெரியாது" என்றான். நான் இன்னும் அதைத் திறக்கவில்லை. காரணம் ஒரு பழைய கணக்கு.

1993இல் பல்கலைக்கழகம் முடித்த கையோடு கொழும்புப் பத்திரிகையொன்றில் சேர்ந்திருந்தேன். சீனாவின் லின்சியானில் பீற்றா கரோட்டின், விற்றமின் ஈ, செலனியம் மூன்றையும் சேர்த்து உட்கொண்டோரிடையே இரைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறைந்தன என்ற செய்தியை மொழிபெயர்த்தேன். தலைப்பு: 'புற்றுநோயைத் தடுக்கும் குளிகை'. அவர்கள் போசாக்குக் குறைந்த மக்கள் என்ற வரியை, இடம் போதாமல் வெட்டியவனும் நானே.

அச்செய்தியைச் சரிபார்த்த ஒப்புநோக்காளர் ஓயாது புகைப்பவர். "தம்பி, இனிப் பயமில்லை" என்று சிரித்தார். லண்டனிலிருந்த மகன் மூலம் பீற்றா கரோட்டின் வருவித்தார்.

மறுவருடமே பின்லாந்து ஆய்வு வெளிவந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். நாளாந்தம் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் உட்கொண்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாகக் கண்டது. 1996 ஜனவரியில் அமெரிக்காவில், பீற்றா கரோட்டினுடன் விற்றமின் ஏயும் கொடுத்த ஆய்வு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அங்கே 28 வீதம் கூடுதல். புகையால் நொந்த நுரையீரலில், காக்கவேண்டிய பொருளே மிகையளவில் கெடுதல் செய்யலாம் என்று விளக்கினர்.

நல்ல செய்திக்கு இருந்த இடம் இச்செய்திகளுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1999இல் அவர் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். கொன்றது சிகரெட்டே என்றுதான் நினைக்கிறேன். குளிகை அதைத் துரிதப்படுத்தியதா என்பதை எவரும் சொல்லமுடியாது. ஆனால் புகைத்தலை விடாதிருக்க அது அவருக்கு ஒரு சாட்டாயிற்று. அந்தச் சாட்டை எழுதிக் கொடுத்தவன் நான்.

மேசையிலுள்ள போத்தலுக்கும் கதையுண்டு. இதே 400 அலகு விற்றமின் ஈயை ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஆண்களுக்குப் புரஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடுதல் என்று 2011இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

வல்லாரைச் சம்பலையும் கரட் கறியையும் எவரும் அஞ்சவேண்டாம். குறைபாட்டுக்கு வைத்தியர் எழுதித்தரும் விற்றமினையும் நிறுத்தவேண்டாம். ஆரோக்கியமாயிருப்பவர் ஆயுள் வளர்க்கவென்று வருடக்கணக்கில் விழுங்கும் மிகையளவையே சொல்கிறேன்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று சிறு பெட்டியில் போடுவோம். இது முப்பது வருடங்களுக்கு மேல் பிந்திய திருத்தம். ஒப்புநோக்க அவர் இல்லை.