தார் சுற்றுபவளுக்கு ஒரு பக்கம்

நிர்வாக டாஷ்போர்டு ஒன்றில் புதிய பக்கம் சேர்ப்பது பெரிய வித்தையல்ல. பக்கத்துக்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தில் அதற்கென ஓர் அட்டவணை வேண்டும். அதிலிருந்து விவரங்களை எடுத்துத் திரையில் காட்ட நிரல் எழுத வேண்டும். இடப்பக்க மெனுவில் பக்கத்தின் பெயரை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். கடைசியாக, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதிகளை எழுத வேண்டும். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலை இதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

சென்ற ஆண்டு வந்த ஒரு பக்கம் மட்டும் மூன்று வாரம் இழுத்தது. விசைத்தறி வீடுகளுக்குப் பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் நிறுவனம் ஒன்றின் டாஷ்போர்டு அது. தறிக்காரர், பாவு, துணி வரவு, கூலி என்று நான்கு பக்கங்கள் ஏற்கெனவே இருந்தன. ஐந்தாவதாக 'தொழிலாளர்' என்ற பக்கம் கேட்டார்கள். அனுப்பிய மாதிரியில் தறிக்காரர் பெயர், செல்பேசி எண், வங்கிக் கணக்கு, தறிகளின் எண்ணிக்கை. கடைசிக் கட்டத்தில், 'வீட்டில் உதவி: ஆம் / இல்லை.'

அந்த 'உதவி' யாரென்று எனக்குத் தெரியும். ஊடை நூலைத் தாரில் சுற்றி நாடாவுக்குள் வைத்தால்தான் தறி ஓடும். ஒரு தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அடுத்தது தயாராக இல்லையென்றால் தறி நின்றுவிடும். எங்கள் தெருவில் அந்தத் தாரைச் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். துணிக்கான கூலி மீட்டர் கணக்கில் வரும், வீட்டுக்காரர் பெயரில் வரும். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் தார் சுற்றியவர். "நீ என்னம்மா வேலை செஞ்சே?" என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் சாமி இருந்தேன்" என்பார்.

இந்தச் 'சும்மா'வுக்கு அரசாங்கத்திடம் ஓர் எண் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுவேலை மட்டும் செய்பவருக்குக் குறியீடு 92. அவர் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்குக் குறியீடு 21. அவர் தொழிலாளர். ஒரே அம்மா, ஒரே தார். 'சும்மா' என்று சொன்னால் 92, 'தார் சுற்றினேன்' என்று சொன்னால் 21. ஆகவே, கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை செய்தீர்களா' என்ற கேள்வியோடு, பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலையும் சேரும் என்ற சொற்களைச் சேர்த்தார்கள். பெண்களின் வேலை கணக்கில் விடுபடுகிறது என்று சொல்லிவந்தவர்களின் முயற்சியால் நடந்தது அது.

என் முன்னால் இருந்ததும் அதே கேள்விதான். 'ஆம் / இல்லை' என்று எழுதினால் அவள் தறிக்காரரின் வரிசையில் ஒரு கட்டம். அவளுக்குப் பெயர் கிடையாது, எண் கிடையாது, கணக்கு கிடையாது. அவர் தறியை விற்றுவிட்டாலோ இறந்துபோனாலோ அந்த வரிசையை நீக்கும்போது அவளும் சேர்ந்து நீங்கிவிடுவாள். தனி அட்டவணை போட்டால் அவளுக்கென்று ஒரு வரிசை, ஓர் எண். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் செய்த வேலை அவள் பெயரில் நிற்கும்.

எங்கள் குழுத் தலைவர் போனில், "கிளையன்ட் கேக்காததை நாம எதுக்குங்க செய்யணும்?" என்றார். செலவு அதிகமில்லை, ஓர் அட்டவணைதான் கூடுகிறது என்று விளக்கினேன். அவர் கிளையன்டின் மேலாளரிடம் என்னையே பேசச் சொன்னார். மேலாளர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "பொம்பளைங்க பேரையெல்லாம் எழுதினா அப்புறம் தனியாக் கூலி கேப்பாங்கம்மணி."

நான் சொல்ல நினைத்த காரணம் அதுதான். அவர் வாயால் வந்தது.

விபத்து நடந்தால் வீட்டில் வேலை செய்வது யார் யார் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டேன். அதற்கு இறங்கி வந்தார். பெயரோடு தனி அட்டவணை, சரி. 'கூலி' என்ற கட்டம் கூடாது. பக்கத்தைத் தலைமை அலுவலகம் மட்டும் பார்க்கலாம். மற்றவர்களின் மெனுவில் அந்த வரி வராது.

மெனுவில் வரி இல்லாத பக்கமும் பக்கம்தான், ஆனால் முகவரி தெரிந்தவர்தான் போக முடியும். எங்கள் பக்கத்துச் சொத்துரிமையும் இப்படித்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டத் திருத்தம் வந்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. இன்றும் அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பெண்களை எனக்குத் தெரியும். பங்கு சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் வழியை வீட்டில் யாரும் காட்டுவதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை இதே வேலைக்கு வருவீர்கள். படிவம் கையில் வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் யாருக்கு வரிசை, யாருக்குக் கட்டம்? யார் பெயரில் பணம் போகிறது? தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவளால் பார்க்க முடியுமா?

அந்த டாஷ்போர்டில் முதல் கேள்விக்கு மட்டும் விடை மாறியிருக்கிறது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாற்றத்துக்கான கோரிக்கையில் அவை இரண்டையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.